குரல் தேர்வு (தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி)

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளுக்குப் பாடகர்களைத் தேர்ந்தெடுக்க நடத்தப்படும் முதற்கட்டத் தேர்வு குரல் தேர்வு எனப்படும். பேச்சு வழக்கில் இதை ‘ஆடிஷன்’ என்றே சொல்கிறார்கள். விஜய் தொலைக்காட்சியில் 2006 இல் தொடங்கிய சூப்பர் சிங்கர், பின்னர் வந்த ஜீ தமிழின் சரிகமப ஆகிய நிகழ்ச்சிகள் வழியாக இச்சொல் தமிழ்நாட்டின் சிற்றூர்கள் வரை சென்று சேர்ந்தது. பெயர் குரல் தேர்வு என்றாலும் இதில் தேர்ந்தெடுக்கப்படுவது குரல் மட்டும் அன்று. வானொலியின் குரல் தேர்விலிருந்து இது வேறுபடுவது இந்த இடத்தில்தான். அந்த வேறுபாட்டையும் தேர்வின் நடைமுறையையும் இக்கட்டுரை விளக்குகிறது. சென்னையிலிருந்து தொலைவில் உள்ள பாடகருக்கு இத்தேர்வு எப்படிப்பட்டது என்பதைக் காட்ட, தூத்துக்குடி மாவட்டத்து ஆதிச்சநல்லூர் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

முன்னோடி: வானொலித் தேர்வு

இந்தியாவில் பாடகர்களை முறைப்படி தேர்வு வைத்துத் தரம் பிரித்த முதல் பெரிய அமைப்பு அகில இந்திய வானொலி. பி. வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த 1950களில் இம்முறை இறுக்கமாக்கப்பட்டது. ஏற்கெனவே பெயர் பெற்ற கலைஞர்களும் தேர்வுக்கு வர வேண்டும் என்றதால் பெரும் எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் முறை நிலைத்தது. பி, பி ஹை, ஏ, டாப் என்னும் தரங்கள் இன்றும் கச்சேரி அழைப்பிதழ்களில் பாடகரின் பெயருக்குக் கீழே அச்சாகின்றன.

வானொலித் தேர்வின் அடிப்படைக் கொள்கை, கேட்பவர் பாடுபவரைப் பார்க்கக் கூடாது என்பது. பாடகர் ஒலிப்பதிவு அறையில் பாடுவார். தேர்வாளர்கள் வேறிடத்தில் இருந்து கேட்பார்கள். பெயர், ஊர், குரு, உடை எதுவும் அவர்களுக்குத் தெரியாது. ஓர் எண்ணும் ஒரு குரலும் மட்டுமே முன்னால் இருக்கும். கருநாடக இசை, மெல்லிசை, நாட்டுப்புற இசை ஆகியவற்றுக்குத் தனித்தனியே தேர்வு உண்டு. ஆகவே வில்லுப்பாட்டுக்காரர் ஒருவர் திரைப்பாடல் பாடிக் காட்ட வேண்டிய தேவை அங்கே எழுவதில்லை. தென் மாவட்டங்களுக்கான வானொலி நிலையம் திருநெல்வேலியில் 1963 இல் தொடங்கப்பட்டது.

திரை விலகியது

தொலைக்காட்சிக்கு முந்தைய பாட்டுப் போட்டிகளில் தமிழருக்கு மிக நெருக்கமானது இலங்கை வானொலி புகழ் பி. எச். அப்துல் ஹமீது நடத்திய பாட்டுக்குப் பாட்டு. பின்னாளில் அது சன் தொலைக்காட்சிக்கும் வந்தது. அதில் சோதிக்கப்பட்டது குரலைவிட நினைவாற்றலே. ஏ. வி. இரமணன் சன் தொலைக்காட்சியில் நடத்திய சப்தஸ்வரங்கள், பாடும் திறனையே போட்டியாக வைத்தது. இந்தியில் ஜீ தொலைக்காட்சி 1995 இல் தொடங்கிய சரிகம இவ்வகையில் பெரும் தாக்கம் உண்டாக்கியது. சிறுமியாக அதில் வென்ற சிரேயா கோசல், அந்நிகழ்ச்சி வழியாகவே இயக்குநர் சஞ்சய் லீலா பன்சாலியின் கவனத்துக்கு வந்து தேவதாஸ் (2002) படத்தில் பாடினார்.

இவை எல்லாவற்றிலும் குரல் தேர்வு திரைக்குப் பின்னால் நடந்து முடிந்துவிடும். தேறியவர்களை மட்டுமே பார்வையாளர் காண்பர். இந்த ஏற்பாட்டை மாற்றியது பிரிட்டனின் பாப் ஐடல் (2001). அடுத்த ஆண்டு அமெரிக்கன் ஐடல் அதைப் பெருக்கியது; 2004 இல் இந்தியன் ஐடல் வந்தது. இந்த வகை நிகழ்ச்சிகளில் குரல் தேர்வே முதல் சில வாரங்களின் நிகழ்ச்சி ஆனது. நீண்ட வரிசை, காத்திருக்கும் தாய்மார்கள், அறைக்கதவு, உள்ளே போனவர் சிரித்துக்கொண்டோ அழுதுகொண்டோ வெளியே வருவது ஆகிய அனைத்தும் படமாக்கப்பட்டன. நன்றாகப் பாடாதவரும் திரையில் இடம் பெறத் தொடங்கியது அப்போதுதான். 2004 இல் அமெரிக்கன் ஐடல் தேர்வில் தோற்ற வில்லியம் ஹங் என்னும் மாணவர், தோற்றதாலேயே நாடறிந்தவரானார். ஒருவர் ஒளிபரப்பில் காட்டப்படுவதற்கும் அவர் பாட்டுக்கும் தொடர்பு இருந்தாக வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

தமிழில் சூப்பர் சிங்கர் இந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு, கேலியைக் குறைத்துச் சங்கீத விமர்சனத்தைக் கூட்டியது. பி. உன்னிகிருஷ்ணன், ஸ்ரீநிவாஸ், சுஜாதா போன்ற பின்னணிப் பாடகர்கள் நடுவர்களாக அமர்ந்தனர். குரல் பயிற்சியாளர் அனந்த் வைத்தியநாதன் போட்டியாளர்களைத் திருத்துவதும் நிகழ்ச்சியின் பகுதியாகக் காட்டப்பட்டது. சுருதி விலகல், சங்கதி, மூச்சு நிறுத்தம் போன்ற சொற்கள் வீட்டுக்கூடங்களில் புழங்கத் தொடங்கியதில் இந்நிகழ்ச்சிக்குப் பங்கு உண்டு. முதல் பருவத்தில் வென்றவர் நிகில் மேத்யூ.

படிநிலைகள்

திரையில் பார்ப்பவர்கள் பலருக்கும் உள்ள தவறான எண்ணம், போட்டியாளர் நேராகப் புகழ்பெற்ற நடுவர்கள் முன் போய்ப் பாடுகிறார் என்பது. பொதுவாக அப்படி நடப்பதில்லை. பெருநகர் ஒன்றில் அறிவிக்கப்பட்ட நாளில் ஒரு கல்லூரியிலோ பள்ளியிலோ திருமண மண்டபத்திலோ காலையிலேயே வரிசை நிற்கும். படிவம் நிரப்பி, வயதுச் சான்று காட்டி, ஓர் எண் பெற வேண்டும். முதல் அறையில் இருப்பவர்கள் இசை ஆசிரியர்களும் நிகழ்ச்சிக் குழுவினரும். பின்னணி இசை இல்லாமல் ஒரு நிமிடம், சில நேரம் அதற்கும் குறைவாகவே பாட வாய்ப்பு கிடைக்கும். வந்தவர்களில் பெரும்பகுதியினர் இங்கேயே திருப்பி அனுப்பப்படுகின்றனர். தேறியவர்கள் இரண்டாம், மூன்றாம் சுற்றுகளுக்கு அன்றைக்கோ வேறொரு நாளிலோ அழைக்கப்படுவார்கள். கடைசியில்தான் ஒளிவிளக்கு, ஒளிப்படக் கருவி, அறிந்த முகங்கள் எல்லாம். கொரோனா காலத்துக்குப் பின் முதல் சுற்றுக்குக் கைப்பேசியில் பதிவுசெய்த காணொளியை ஏற்கும் வழக்கமும் பரவியுள்ளது.

தேர்வுக்குக் கட்டணம் கேட்டோ, முன்பணம் கட்டினால் நேரடிச் சுற்றுக்கு அனுப்புவதாகவோ வரும் அழைப்புகளை நம்பக் கூடாது. அறிவிப்பு அந்தத் தொலைக்காட்சியின் சொந்த ஒளிபரப்பில் வந்ததா என்று பார்த்துக்கொள்வதே பாதுகாப்பான வழி.

ஒரு நிமிடத்தில் கேட்கப்படுவது

பக்க இசை இல்லாதபோது பாடகரின் சுருதியே முதலில் வெளிப்படும். தொடங்கிய சுருதியிலேயே பல்லவி முடிகிறதா, மேலே போய்விட்டுத் திரும்பும்போது அடிசுருதி இறங்கிவிடுகிறதா என்பதைப் பயிற்சி பெற்ற காது சில வரிகளிலேயே கண்டுபிடித்துவிடும். சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வது வழக்கம். ஆர்மோனியத்தின் முதல் வெள்ளைக் கட்டை ஒரு கட்டை. அடுத்தடுத்த வெள்ளைக் கட்டைகள் இரண்டு, மூன்று என்று போகும். இடையில் உள்ள கருப்புக் கட்டைகள் அரைக் கணக்கு. ஆண்கள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டையிலும், பெண்கள் ஐந்து முதல் ஆறு கட்டையிலும் பாடுவர். கேட்டுப் பழகிய திரைப்பாடலை அதே சுருதியில் பாடித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கரோக்கி இசையோடு பாடினால் அந்த இசையின் சுருதிக்குக் கட்டுப்பட வேண்டும். வெறுங்குரலில் பாடும்போது தனக்கு வாகான சுருதியை எடுத்துக்கொள்ளலாம். இந்தச் சுதந்திரம் இருப்பதே தெரியாமல், பதற்றத்தில் அரைக் கட்டை, ஒரு கட்டை மேலே எடுத்துவிட்டுச் சரணத்தில் சிக்கிக்கொள்பவர்கள் ஏராளம். கைப்பேசியில் சுருதிப்பெட்டிச் செயலி வைத்திருந்து, அறைக்குள் போகும் முன் காதோடு வைத்து ஒருமுறை கேட்டுக்கொள்வது எளிய தீர்வு.

அடுத்தது பாடல் தெரிவு. பாட்டின் எந்த இடத்தைப் பாடுவது என்பது, எந்தப் பாட்டு என்பதைப் போலவே முக்கியம். முகப்பு இசைக்குரிய முணுமுணுப்பில் இருபது வினாடி போய்விட்டால் மீதி நேரத்தில் பல்லவி மட்டுமே முடியும். குரல் ஏறும் இடமும் இறங்கும் இடமும் சேர்ந்து வரும் நான்கு வரிகளைத் தேர்ந்துகொள்வதே பயன் தரும். அந்த ஆண்டு ஊரெல்லாம் ஒலிக்கும் பாடலைத் தேர்வாளர்கள் அன்றைக்கே பலமுறை கேட்டிருப்பார்கள். அதற்காக யாரும் அறியாத பாடலைத் தேடிப் போனால், மூலத்தோடு ஒப்பிட அவர்களுக்கு வழியில்லை.

உச்சரிப்பில் ல, ள, ழ மூன்றும் வேறுபட வேண்டும். தென் மாவட்டத்தாருக்கு இதில் தனி இடர் ஒன்று உண்டு: பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகிவிடும், பாட்டிலும் அது தொற்றிக்கொள்ளும். தனியே உட்கார்ந்து வரிகளை வாசித்துப் பழகினால் சில வாரங்களில் சரியாகிவிடும்.

முதல் பாட்டு பிடித்துவிட்டால் ‘வேறு ஏதாவது பாடுங்கள்’ என்பார்கள். உண்மையான தேர்வு இதுவே எனலாம். குத்துப்பாட்டு பாடியவரிடம் மெல்லிசை கேட்பார்கள். சாத்திரிய இசையில் பயின்றவரிடம் நாட்டுப்புறப் பாடல் கேட்பார்கள். பல வாரம் நீளும் போட்டியில் வாரந்தோறும் ஒரு வகைப் பாடல் பாட வேண்டியிருப்பதால், ஒன்றை மட்டும் மிக நன்றாகப் பாடுபவரைவிடப் பலவற்றை ஓரளவு நன்றாகப் பாடுபவர் அவர்களுக்குத் தேவைப்படுகிறார். ஒரு பாணியில் ஆழ்ந்தவருக்கு இது அநீதி. வாரந்தோறும் நிகழ்ச்சியை ஓட்ட வேண்டியவர்களுக்கு வேறு வழியும் இல்லை.

ஆதிச்சநல்லூரிலிருந்து

ஆதிச்சநல்லூர், திருநெல்வேலி – திருச்செந்தூர் சாலையில், தாமிரபரணியின் தென்கரையில், ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே உள்ள சிற்றூர். முதுமக்கள் தாழிகளால் உலகறிந்த ஊர். ஜெர்மானியரான யாகோர் 1876 இலும், அலெக்சாண்டர் ரீ 1899 முதலும் இங்கே அகழ்ந்தனர். அகழாய்வுக் குழிகளைக் கண்ணாடித் தளத்தின் மேல் நின்று காணும்படி அமைத்த அருங்காட்சியகம் 2023 இல் திறக்கப்பட்டது. வாழையும் நெல்லும் விளையும் ஆற்றங்கரைப் பகுதி இது.

இந்த வட்டாரத்தில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. சுடலைமாடன், அம்மன் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் நடக்கின்றன. கணியான் கூத்தில் தலைமைப் பாடகரான அண்ணாவி, மகுடம் என்னும் தோற்கருவியின் அதிர்வுக்கு மேலே கேட்கும்படி உச்சக்குரலில் கதையைப் பாடுவார். நாசரேத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தேவாலயப் பாடற்குழுக்கள் தலைமுறை தலைமுறையாகப் பல குரல் இசையில் பிள்ளைகளைப் பழக்குகின்றன. காயல்பட்டினத்தில் இசுலாமியத் தமிழ்ப் பாடல் மரபு உண்டு. ஆழ்வார்திருநகரியில், தமிழ்நாட்டில் மிகச் சில தலங்களில் மட்டுமே எஞ்சியுள்ள அரையர் சேவை நடக்கிறது. அங்கே பாடும் உரிமை குடும்ப வழியில் வருவது. தேர்வு என்ற பேச்சே இல்லை.

இந்த மரபுகளில் பழகிய குரல் தொலைக்காட்சித் தேர்வு அறைக்கு அப்படியே பொருந்துவதில்லை. கோயில் திடலில், உடுக்கும் குடமும் முழங்க, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடும் வில்லுப்பாட்டுக்காரரின் குரல் திறந்த குரல். அதே குரலை நான்கடி தொலைவில் அமர்ந்திருப்பவர் முன் அப்படியே எடுத்தால் கத்துவது போலத் தோன்றும். ஒலிவாங்கியைச் சற்றுத் தள்ளிப் பிடிக்கவும், இறங்கும் இடங்களில் காற்றைக் கலந்து மென்மையாக்கவும் கற்றுக்கொண்டால் போதும். குரலையே மாற்றிக்கொள்ளத் தேவையில்லை. மாற்றிக்கொண்டு யாரோ ஒரு பின்னணிப் பாடகரைப் போலப் பாட முயல்பவர்களே அதிகம் தோற்கிறார்கள். தேவாலயப் பாடற்குழுவில் வளர்ந்தவருக்கோ சுருதி உறுதியாக இருக்கும். ஆனால் கமகம் வராது, சேர்ந்து பாடிய பழக்கத்தால் தனிக்குரலில் தயக்கம் இருக்கும்.

பிறகு தொலைவு. தேர்வுகள் பெரும்பாலும் சென்னை, கோவை, திருச்சி, மதுரை போன்ற நகரங்களில் நடக்கும். ஆதிச்சநல்லூரிலிருந்து திருநெல்வேலி 25 கிலோமீட்டருக்குள் இருந்தாலும், மதுரைக்கு அங்கிருந்து மேலும் 150 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். காலை வரிசைக்கு நிற்க முந்தின இரவே கிளம்பியாக வேண்டும். பேருந்தில் சன்னலோரம் காற்று வாங்கி, தூங்காமல் போய் இறங்கும் தொண்டை காலையில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்தடுத்த சுற்றுகள் சென்னையில். அது 600 கிலோமீட்டருக்கும் அப்பால். செந்தூர் விரைவுவண்டியில் ஓர் இரவுப் பயணம். பாடுபவர் சிறுவர் அல்லது இளம்பெண் என்றால் வீட்டிலிருந்து இன்னொருவரும் உடன் போக வேண்டும். தூத்துக்குடியில் உப்பளத்துக்கோ துறைமுகத்துக்கோ தினக்கூலிக்குப் போகும் தந்தைக்கு ஒவ்வொரு சுற்றும் சில நாள் கூலி இழப்பு. சென்னையில் வீடு உள்ள போட்டியாளருக்கு இச்செலவுகளில் ஒன்றுகூட இல்லை. குரலில் சமமான இருவரில் ஒருவர் மூன்றாம் சுற்றுக்கே வராமல் நின்றுவிடுவதற்கு இதுவே காரணமாகிறது.

இதே மாவட்டத்து எட்டயபுரத்துக்கு ஒருகாலத்தில் இசைவாணர்கள் தேடி வந்தார்கள். முத்துசுவாமி தீட்சிதர் தம் இறுதிக் காலத்தைக் கழித்து 1835 இல் மறைந்தது அங்கேதான்; சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி 1904 இல் அவ்வூரிலிருந்தே வெளியானது. அன்று அரசர் கேட்கும் இடத்துக்குப் பாடகர் வந்தார். இன்று ஒளிப்படக் கருவி இருக்கும் இடத்துக்குப் பாடகர் போகிறார்.

முகமும் கதையும்

தொலைவிலிருந்து வருவது சுமை மட்டும் அன்று. நிகழ்ச்சிக்கு அது கதையும் ஆகிறது. சூப்பர் சிங்கர் ஜூனியர் ஐந்தாம் பருவத்தில் (2017) வென்ற பிரித்திகா, திருவாரூர் மாவட்டத்தின் தியானபுரம் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். 2018 இல் ஆறாம் பருவத்தில் வென்ற செந்தில் கணேஷ் நாட்டுப்புறப் பாடகர். இவ்விருவரும் திறமையால் வென்றவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்களுடைய ஊரும் வாழ்வும் திரையில் சொல்லப்பட்ட விதம், பார்வையாளர் அவர்களை நினைவில் வைத்துக்கொள்ளத் துணைசெய்தது. வெற்றி பார்வையாளர் வாக்கால் முடிவாகும் போட்டியில் நினைவில் நிற்பது பெரிய பலம். அதனால் தேர்வுக் கட்டத்திலேயே ‘எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், யாரிடம் கற்றீர்கள்’ என்று கேட்கப்படும்.

இக்கேள்விகளுக்கு விடை சொல்வதில் தவறில்லை. எதுவரை சொல்வது என்பதைக் குடும்பம் வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. வீட்டுக் கடன், நோய், பிரிவு ஆகியவை ஒளிபரப்பில் வந்துவிட்டால் திரும்பப் பெற முடியாது; அடுத்த ஆண்டு பள்ளியில் அந்தப் பிள்ளை அதைச் சுமக்க வேண்டியிருக்கும். பொதுவாகப் போட்டியாளர் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில், பதிவான அனைத்தையும் வெட்டவும் சேர்க்கவும் மறுபடி ஒளிபரப்பவும் நிறுவனத்துக்கு உரிமை தரப்படும். குறிப்பிட்ட காலம் வேறு தொலைக்காட்சியில் தோன்றக் கூடாது என்ற கட்டுப்பாடும் இருக்கலாம். நள்ளிரவுப் படப்பிடிப்பின் அவசரத்தில் நீட்டப்படும் தாளாக இருந்தாலும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவதும், ஒரு படி கேட்டு வாங்கிக்கொள்வதும் உரிமை.

ஏற்கெனவே பாடகராக இருப்பவர் போட்டியிடலாமா என்பதும் தீராத கேள்வி. 2016 இல் முடிந்த ஐந்தாம் பருவத்தில் வென்ற ஆனந்த் அரவிந்தாக்சன் அதற்கு முன்பே திரைப்படங்களில் பாடியவர் என்பது தெரிந்ததும் பார்வையாளரிடையே பெரும் சர்ச்சை எழுந்தது. புதிய குரலைத் தேடுவதாகப் பார்வையாளர் நினைத்திருந்தனர். விதி அப்படிச் சொல்லியிருக்கவில்லை.

சிறுவர்கள்

சிறுவர் போட்டிகளில் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய சட்ட விதிகள் உள்ளன. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 ஆம் ஆண்டுத் திருத்தத்தை ஒட்டி 2017 இல் வெளியான விதிகளின்படி, 14 வயதுக்கு உட்பட்ட கலைஞரை நிகழ்ச்சியில் பங்கேற்கச் செய்ய மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை. ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ச்சியாக மூன்று மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் ஈடுபடுத்தக் கூடாது. படிப்பு தடைபடாமல் ஏற்பாடு செய்ய வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காடு குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போடப்பட வேண்டும். விதி இருப்பது தெரிந்த பெற்றோர் கேட்கிறார்கள். தெரியாதவர் விடியும்வரை அரங்கின் மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆண் பிள்ளைகளுக்கு மகரக்கட்டு உடையும் பருவம் தனிக் கவனம் வேண்டுவது. ஏறத்தாழ 12 முதல் 15 வயதுக்குள் குரல் தடித்து இறங்கும். நேற்றுவரை ஐந்து கட்டையில் பாடியவன் இன்று இரண்டு கட்டையில் தடுமாறுவான். அந்த மாதங்களில் பழைய சுருதியிலேயே பாடச் சொல்லி வற்புறுத்துவது தொண்டையைக் கெடுக்கும். ஓராண்டு காத்திருப்பதில் இழப்பு ஒன்றும் இல்லை.

தேறாதவர்களும் பாதியில் நின்றவர்களும்

தேர்வு அறையின் முடிவு ஒருவரின் குரலைப் பற்றிய இறுதித் தீர்ப்பு அன்று என்பதற்குப் பதிவான சான்றுகள் உண்டு. 2004 இல் அமெரிக்கன் ஐடல் போட்டியில் ஏழாவது இடத்தோடு வெளியேறிய ஜெனிபர் ஹட்சன், டிரீம்கேர்ள்ஸ் படத்துக்காக 2007 இல் ஆஸ்கார் விருது பெற்றார். 2005 இல் பேம் குருகுல் என்னும் இந்திப் போட்டியில் வெல்லாமல் வெளியேறிய அரிஜித் சிங், பின்னர் இந்தித் திரையிசையின் முதன்மைப் பாடகரானார். சூப்பர் சிங்கரிலும் பட்டம் வெல்லாத சத்யபிரகாஷ் திரைப்படங்களில் தொடர்ந்து பாடி வருகிறார்.

திரைப்படம்வரை போகாதவர்களின் நிலையே பெரும்பான்மை. அவர்களுக்கான சந்தை ஊரிலேயே இருக்கிறது. தாமிரபரணிக் கரையிலும் கடற்கரை ஊர்களிலும் சித்திரை, ஆடி மாதக் கொடைகளுக்கும், ஆலயத் திருவிழாக்களுக்கும், திருமண வரவேற்புகளுக்கும் மெல்லிசைக் குழுக்கள் அழைக்கப்படுகின்றன. தொலைக்காட்சியில் இரண்டு வாரம் தோன்றி நீங்கியவர் என்றாலும் விளம்பரத் தட்டியில் அவர் படம் பெரிதாகவும், பெயருக்கு முன் நிகழ்ச்சியின் பெயரும் ‘புகழ்’ என்ற சொல்லும் சேர்ந்தும் அச்சாகும். பத்தாண்டாக அதே மேடையில் பாடிவரும் உள்ளூர்ப் பாடகரின் பெயர் அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். சம்பளமும் அந்த எழுத்தின் அளவுப்படியே பேசப்படுகிறது.